பாலம் இல்லாமல் பிறக்கும் மூளை: கருவிலேயே வழி மாற்றிக்கொள்ளும் நியூரான்கள்

"பிள்ளைக்கு மூளை வளரலையாம்." ஸ்கேனில் ஏதோ தெரிந்திருக்கிறது என்ற செய்தி பரவியதும் நம் வீடுகளில் முதலில் கேட்பது இதுதான். ஜார்ஜ்டவுன் அடுக்குமாடியானாலும் சரி, பிறைப் பக்கத்துத் தாமான் வீடானாலும் சரி, அதற்குப் பிறகு பேச்சு இரண்டாகப் பிரியும். "அவ்வளவுதான், இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்பார்கள் சிலர். "பச்சை மண்ணு, மூளை தானா சரி பண்ணிக்கும்" என்பார்கள் வேறு சிலர். நடுவில் பழி போடும் படலமும் நடக்கும். கிரகணத்தன்று அம்மா வாசலுக்கு வந்தாளாம், மாசமாக இருக்கும்போது வீட்டில் ஆணி அடித்தார்களாம்.

கைக்கும் நடைக்கும் பயிற்சி தேவைப்படும் பிள்ளைகளோடு மலேசியாவின் பினாங்கில் வேலை செய்கிறேன். இந்த மூன்று பேச்சுகளும் பெற்றோரை எவ்வளவு அலைக்கழிக்கின்றன என்பதைத் தினமும் பார்க்கிறேன். மூன்றுமே தவறு. ஏன் தவறு என்று புரிய, கருவில் மூளை எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்படுவது வேறு. இங்கே நாம் பேசப்போவது, வயிற்றில் இருக்கும்போதே மூளையின் அமைப்பு வழக்கத்துக்கு மாறாக உருவாவதைப் பற்றி. இதைத்தான் பிறவி மூளை உருவாக்கக் கோளாறு என்கிறோம்.

மூளை கட்டப்படும் வரிசை

கரு உருவான முதல் மாதத்திலேயே அதன் முதுகுப் பக்கத்தில் ஒரு தட்டையான பகுதி மடிந்து குழாயாக மூடிக்கொள்கிறது. இது நரம்புக் குழாய். மூளையும் தண்டுவடமும் இதிலிருந்துதான் வருகின்றன. ஏறத்தாழ 28ஆம் நாளுக்குள் குழாய் மூடிவிட வேண்டும். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே அப்போது தெரிந்திருக்காது. ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்து, குழாயின் உட்சுவரில் இருக்கும் மூல செல்கள் பிரிந்து பிரிந்து நியூரான்களை உண்டாக்குகின்றன. நியூரான் என்பது மின் சைகை அனுப்பும் நரம்பு செல். வளர்ந்த மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன.

பிறந்த இடத்திலேயே இவை தங்கிவிடுவதில்லை. உட்சுவரிலிருந்து மூளையின் மேற்பரப்பு வரை நீளமான இழைகள் நீண்டிருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு நியூரான்கள் மேலே ஏறுகின்றன. 1970களில் பாஸ்கோ ராகிச் என்ற விஞ்ஞானி இதைத் தெளிவாகப் படம்பிடித்துக் காட்டினார். முதலில் வந்தவை உள்ளடுக்கில் தங்கிவிடும். பின்னால் வருபவை அவற்றைத் தாண்டிப் போய் வெளியடுக்கில் அமரும். இப்படித்தான் மூளையின் மேல்தோலான புறணியில் ஆறு அடுக்குகள் அமைகின்றன.

இடத்துக்குப் போய்ச் சேர்ந்த நியூரான் அடுத்து ஆக்சானை நீட்டும். ஆக்சான் என்பது நியூரானிலிருந்து புறப்பட்டுத் தொலைவில் உள்ள இன்னொரு நியூரானைத் தேடிப் போகும் நூல். அதன் நுனி ஓயாமல் துழாவிக்கொண்டே போகும். வழியில் சில ரசாயனங்கள் அதை "வா" என்று இழுக்கும், சில "வராதே" என்று தள்ளும். எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற முழு வரைபடமும் அதன் கையில் கிடையாது. ஒவ்வோர் அடியிலும் பக்கத்தில் கிடைக்கும் சைகையைப் பார்த்துத்தான் நகர்கிறது. இதை நினைவில் வையுங்கள். பிறகு வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

கடைசியாகக் கழித்தல். மூளை தேவைக்கு அதிகமாகவே நியூரான்களையும் இணைப்புகளையும் உண்டாக்குகிறது. வேலை கிடைத்தவை நிலைக்கும். கிடைக்காதவை வாடிப்போகும். குழந்தை பிறந்து பல ஆண்டுகள் வரை இணைப்புகள் இப்படிக் கழிக்கப்படும்.

ஆக இதுவரை: குழாய் மூடுகிறது, நியூரான்கள் பிறக்கின்றன, இடம்பெயர்கின்றன, ஆக்சான்களை நீட்டுகின்றன, மிஞ்சியவை கழிக்கப்படுகின்றன. கட்டங்கள் ஓரளவு ஒன்றின் மேல் ஒன்று படிந்தே நடக்கும், ஆனால் வரிசை மாறாது.

எந்தக் கட்டத்தில் தடங்கல்?

கோளாறின் பெயரைவிட, அது எந்தக் கட்டத்தில் நடந்தது என்பதுதான் அதிகம் சொல்லும். குழாய் மூடாமல் போனால் முதுகெலும்பு திறந்திருக்கும் ஸ்பைனா பிஃபிடா போன்றவை வரும். நியூரான் உற்பத்தி பாதிக்கப்பட்டால் தலையும் மூளையும் சிறுத்துப்போகும். 2015இல் பிரேசிலில் ஸிகா வைரஸ் செய்தது இதைத்தான். அந்த வைரஸ் மூல செல்களையே தாக்குகிறது. ஸிகா நமக்கும் புதிதல்ல. 1966லேயே பகாங்கின் பெந்தோங்கில் பிடித்த ஏடிஸ் கொசுக்களில் அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இடப்பெயர்ச்சி தடைப்பட்டால் மூளை மேற்பரப்பின் மடிப்புகள் உருவாகாமல் வழவழப்பாகவே நின்றுவிடலாம். இது லிசென்செஃபலி. பெரும்பாலும் கடுமையானது. சில நேரம் ஒரு பகுதி நியூரான்கள் மட்டும் மேலே ஏறாமல் புறப்பட்ட இடத்திலேயே திட்டுத் திட்டாகத் தங்கிவிடும். இது ஹெட்டரோடோபியா. இது இருப்பவர்களில் பலர் சாதாரணமாகப் படித்து வேலைக்குப் போய், முதல் வலிப்பு வந்த பிறகு எடுத்த எம்ஆர்ஐயில்தான் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதையே அறிகிறார்கள்.

காரணங்கள்? மரபணு மாற்றம், கர்ப்பத்தில் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ் போன்ற கிருமிகள், கருவின் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் தடை, மது. பல குடும்பங்களில் எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் தெரியாது. கிரகணமும் ஆணியும் இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. அம்மாவைப் பார்த்து "நீ என்ன செஞ்சே?" என்று கேட்பதை நிறுத்தினாலே அந்த வீட்டுக்குப் பெரிய உதவி.

கட்டப்படாத பாலம்

மூளை இரண்டு அரைக்கோளங்களாக இருக்கிறது. அவற்றை இணைக்கும் மிகப் பெரிய நரம்புக் கற்றைக்குக் கார்பஸ் கலோசம் என்று பெயர். அதில் சுமார் 20 கோடி ஆக்சான்கள் இருக்கின்றன. கர்ப்பத்தின் 12ஆவது வாரத்தை ஒட்டி முதல் ஆக்சான்கள் நடுக்கோட்டைக் கடக்கத் தொடங்கும். 20ஆவது வாரத்தில் கற்றை அதன் வடிவத்துக்கு வந்துவிடும். சுமார் 4,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்தக் கற்றை முழுதாகவோ பாதியாகவோ உருவாவதில்லை.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்க 1985இல் திறந்த நம் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று காலை அது திடீரென்று இல்லாமல் போனால் என்ன ஆகும்? பெருநிலத்தில் பிறையில் வீடு, தீவில் பாயான் லெப்பாஸில் வேலை என்று இருப்பவர்கள் அத்தனை பேரும் தவித்துப்போவார்கள். தீவும் பெருநிலமும் அந்தப் பாலத்தை நம்பியே வளர்ந்துவிட்டன. இப்போது வேறு மாதிரி யோசியுங்கள். பாலம் கட்டப்படவே இல்லை. அப்போது என்ன நடந்திருக்கும்? ஃபெரி பெருகியிருக்கும். பாலத்துக்கென்று போட்ட சாலை கடலோரம் வந்ததும் திரும்பிக் கரையோரமாகவே ஓடியிருக்கும். இரண்டு கரையிலும் அவரவர்க்கு வேண்டிய கடை, மருத்துவமனை, தொழிற்சாலை எல்லாம் வளர்ந்திருக்கும். அக்கரைக்குப் போவது சிரமம்தான், நேரமும் பிடிக்கும். ஆனாலும் ஊர் நடந்திருக்கும்.

இருந்த ஒன்றை இழப்பதும், அது இல்லாமலே வளர்வதும் ஒன்றல்ல. மூளையில் இதற்கு நேரடிச் சான்றே இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில், அடங்காத வலிப்புக்காகச் சிலருக்குக் கார்பஸ் கலோசத்தை அறுவை சிகிச்சையில் வெட்டினார்கள். மூளை விஞ்ஞானி ரோஜர் ஸ்பெர்ரி இந்த நோயாளிகளைச் சோதித்தார். கண்ணுக்குத் தெரியாமல் இடது கையில் ஒரு பொருளைக் கொடுத்தால், அது என்னவென்று அவர்களால் வாயால் சொல்ல முடியவில்லை. இடது கை உணர்வது வலது அரைக்கோளத்துக்குப் போகிறது, பேச்சு பெரும்பாலும் இடது அரைக்கோளத்தில் இருக்கிறது, நடுவில் வழி அறுந்துவிட்டது. இந்த ஆய்வுகளுக்காக 1981இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அதே ஸ்பெர்ரி, கார்பஸ் கலோசம் இல்லாமலே பிறந்த ஒரு கல்லூரி மாணவியையும் சோதித்தார். 1968இல் வெளியான அந்த ஆய்வில், வெட்டப்பட்டவர்களிடம் கண்ட குறைகள் அந்தப் பெண்ணிடம் தென்படவில்லை. கற்றை இரு தரப்புக்கும் இல்லை, விளைவு மட்டும் வேறு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த புதிர் இதுதான்.

அக்கரைக்கு எப்படிப் போகின்றன?

கற்றை உருவாகாத மூளையிலும் ஆக்சான்கள் புறப்படத்தான் செய்கின்றன. நடுக்கோட்டை நெருங்கியதும், கடக்கச் சொல்லும் சைகையோ பிடித்துப் போக வேண்டிய செல்களோ அங்கே சரியாக இருப்பதில்லை. அதற்காக எல்லாம் அழிந்துவிடுவதில்லை. பல ஆக்சான்கள் திரும்பி, அதே பக்கத்திலேயே முன்னிருந்து பின்னாகப் பெரிய கற்றையாக ஓடுகின்றன. 1901இல் இதை விவரித்தவரின் பெயரால் இது பிராப்ஸ்ட் கற்றை எனப்படுகிறது. வழக்கமான மூளையில் இந்தக் கற்றை கிடையாது. கரையோரம் திரும்பிய சாலை என்று மேலே சொன்னது இதைத்தான்.

ஃபெரியும் உண்டு. இரண்டு அரைக்கோளங்களுக்கும் இடையே வேறு சிறிய இணைப்புகள் முன்புறமும் பின்புறமும் எல்லோருக்கும் இருக்கின்றன. 2014இல் பிரேசில் ஆய்வாளர்கள், கார்பஸ் கலோசம் சரியாக உருவாகாத ஆறு பேரை ஒரு வகை எம்ஆர்ஐயில் பார்த்தார்கள். மூளைக்குள் நீர் நகரும் திசையை வைத்து நரம்புக் கற்றைகள் போகும் பாதையைக் காட்டும் ஸ்கேன் அது. தொடு உணர்வைக் கையாளும் பகுதிகளை இணைக்கும் ஆக்சான்கள் அந்தச் சிறிய இணைப்புகள் வழியாகச் சுற்றிப் போய் மறுபக்கத்தைத் தொட்டிருந்தது அதில் தெரிந்தது. ஒரு கையால் தடவி அறிந்த பொருளை மறு பக்கத்தோடு பகிர்ந்துகொள்ளவும் அவர்களால் முடிந்தது.

இதைவிட வியப்பானது 2009இல் வெளியானது. ஜெர்மனியைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமிக்கு வலது அரைக்கோளமே உருவாகவில்லை. பார்க்கும் வெளியின் இடது பாதி வழக்கமாக வலது அரைக்கோளத்துக்குத்தான் போகும். அப்படியென்றால் அவளுக்கு இடது பாதி தெரியவே கூடாது. ஆனால் தெரிந்தது. கண்ணிலிருந்து புறப்பட்ட நரம்பிழைகள், போக வேண்டிய இடம் இல்லாததால், இருக்கும் இடது அரைக்கோளத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தன. அங்கே வலது பாதிக் காட்சிக்கான பகுதியின் பக்கத்திலேயே இடது பாதிக்கும் இடம் அமைந்திருந்தது. யாரும் அவளுக்கு அப்படிப் பயிற்சி கொடுக்கவில்லை. துழாவிப் போகும் நுனி, கிடைத்த சைகையைப் பின்பற்றியது, அவ்வளவே.

சுருக்கமாக: ஆக்சான்களுக்குக் "கோளாறு நடந்துவிட்டது, சரிசெய்வோம்" என்ற எண்ணம் கிடையாது. எல்லா மூளைகளிலும் இயங்கும் அதே விதிதான் இங்கேயும் இயங்குகிறது. சூழல் வேறாக இருப்பதால் கட்டடம் வேறாக அமைகிறது.

இரண்டு கையும் சேர்ந்து அசையும் பிள்ளை

பயிற்சி அறையில் அடிக்கடி பார்க்கும் ஒன்றைச் சொல்கிறேன். தட்டில் வேகவைத்த கொண்டைக்கடலை இருக்கிறது. பலவீனமான வலது கையால் ஒன்றை எடுக்கச் சொல்கிறோம். பிள்ளை கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மெதுவாகச் சேர்க்கிறது. அதே நேரத்தில் மடியில் சும்மா இருக்கும் இடது கையின் இரண்டு விரல்களும் அப்படியே சேர்கின்றன. வேண்டுமென்று செய்வதில்லை. "அந்தக் கையை ஆட்டாதே" என்று அதட்டினாலும் நிற்காது.

பிறக்கும்போது ஒவ்வொரு அரைக்கோளமும் இரண்டு கைக்குமே ஆக்சான்களை அனுப்பி வைத்திருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் எதிர்ப்பக்கக் கைக்குப் போகும் இணைப்புகள் வலுப்பெறும், அதே பக்கத்துக்குப் போகிறவை போட்டியில் தோற்று வாடும். ஒரு அரைக்கோளத்தில் பிறவியிலேயே பெரிய பிளவோ பாதிப்போ இருந்தால் போட்டிக்கு ஆள் இல்லை. அதனால் நல்ல அரைக்கோளத்தின் இரண்டு பக்க இணைப்புகளும் நிலைத்துவிடுகின்றன. ஒரே அரைக்கோளம் இரண்டு கையையும் நடத்துகிறது. அதனால்தான் ஒன்றை அசைத்தால் மற்றதும் அசைகிறது. கை வேலை செய்வதற்குக் கொடுத்த விலை என்று இதைப் புரிந்துகொண்டால் பிள்ளையைத் திட்டத் தோன்றாது.

உணர்வு நரம்புகளின் கதை இதிலிருந்து மாறுபடும். தொடு உணர்வை மேலே கொண்டு வரும் ஆக்சான்கள் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் புறணியை எட்டுகின்றன. அதற்குச் சற்று முன்பு, மூளையின் உள்ளறையை ஒட்டிப் பாதிப்பு ஏற்பட்டிருந்தால், பின்னால் வரும் இந்த ஆக்சான்கள் அந்த இடத்தைச் சுற்றி வளைந்து போய்த் தம் வழக்கமான இடத்தையே அடைந்துவிடுவதை ஜெர்மனியில் மார்ட்டின் ஷ்டாவுட் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே சில பிள்ளைகளுக்குக் கையை அசைப்பது ஒரு அரைக்கோளம், அந்தக் கை தொடுவதை உணர்வது மறு அரைக்கோளம். தடங்கல் வந்தபோது எந்த ஆக்சான் புறப்பட்டிருந்தது, எது இன்னும் புறப்படவில்லை என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

"தானா சரியாயிடும்" ஏன் தவறு

இவ்வளவு படித்த பிறகு, அப்படியானால் கவலையே வேண்டாம் என்று தோன்றலாம். அது ஆபத்தான முடிவு. சூழலுக்கேற்ப மூளை தன் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் திறனுக்கு நெகிழ்வுத்தன்மை என்று பெயர். அதற்கு எல்லை உண்டு.

முதலில் இட நெருக்கடி. இடது அரைக்கோளம் சிறுவயதிலேயே பாதிக்கப்பட்டால் பேச்சு வலது பக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம். பிள்ளை நன்றாகவே பேசும். ஆனால் வலது பக்கம் வழக்கமாகச் செய்யும் வேலைகள், உதாரணமாக இடம் திசை அறிவது, படத்தைப் பார்த்து வரைவது, சில பிள்ளைகளுக்குப் பின்தங்குகின்றன. அப்புறம், பாதிப்பு எவ்வளவு சீக்கிரம் வந்ததோ அவ்வளவு நன்றாகத் தேறும் என்ற பழைய எண்ணமும் முழுக்கச் சரியல்ல. மிக முன்னதாக வந்து, மூளை முழுவதும் பரவிய கோளாறில், ஈடுகட்ட ஆரோக்கியமான பகுதியே மிஞ்சாது. லிசென்செஃபலி கடுமையாக இருப்பது அதனால்தான்.

புதிய இணைப்பு எல்லாமே நல்ல இணைப்பும் அல்ல. இடம் மாறித் தங்கிய நியூரான்கள் பக்கத்தில் உள்ளவற்றோடு இணைந்து சில வேலைகளில் பங்கெடுக்கவும் செய்கின்றன, அதே இணைப்புகள் வழியாக வலிப்பையும் தூண்டிவிடுகின்றன. மருந்துக்கு அடங்காத குழந்தைப் பருவ வலிப்புக்குப் புறணி உருவாக்கக் கோளாறுகள் ஒரு முக்கியக் காரணம். வலிப்பு வந்தால் சாவியைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் கரண்டி வைக்காதீர்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999 அவசர எண்ணை அழையுங்கள்.

பாலம் இல்லாத பிள்ளைகளிலும் இப்படித்தான். வேறு எந்தக் கோளாறும் சேராமல் கார்பஸ் கலோசம் மட்டும் இல்லை என்று கருவில் தெரியவந்தவர்களை ஆய்வுகள் பின்தொடர்ந்ததில், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக் குழந்தைகள் ஆரம்ப ஆண்டுகளில் வயதுக்கேற்ப வளர்ந்திருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் பள்ளி வயதில் வேறு சிரமங்கள் மெல்லத் தலைகாட்டும். சட்டைப் பொத்தான், காலணிக் கயிறு போன்ற இரு கை வேலைகள் தாமதமாகும். புதுக் கணக்கு என்றால் திணறும். எதிராளி சொல்லாமல் சொல்வது பிடிபடாது. "தலைக்கு மேல வேலை கிடக்கு" என்று அம்மா சொன்னால் அண்ணாந்து பார்க்கும் பிள்ளை உண்டு. ஆசிரியர்கள் இதைத் திமிர் என்றோ கவனக்குறைவு என்றோ நினைத்துவிடுகிறார்கள். பள்ளியில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

கர்ப்பத்தில் தெரியவந்தால் முதல் கேள்வி, "இது மட்டுமா, வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா?" என்பதாக இருக்கட்டும். எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லக்கூடிய பதில் இதற்குத்தான் உண்டு. கருவுக்கு எம்ஆர்ஐ எடுக்க முடியுமா, மரபணுச் சோதனை உதவுமா என்றும் கேளுங்கள். 18 வாரத்துக்கு முன்பு எடுத்த ஸ்கேனை வைத்துக் கார்பஸ் கலோசம் இல்லை என்று உறுதியாகச் சொல்வது கடினம், அது இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்.

பிறந்த பிறகு, காத்திருந்து பார்ப்போம் என்று ஆண்டுகளைத் தள்ளாதீர்கள். இணைப்புகள் போட்டியிட்டு நிலைப்பதும் வாடுவதும் அந்த முதல் ஆண்டுகளில்தான் அதிகம். ஒரு கை பலவீனமாக இருக்கும் பிள்ளைக்கு நல்ல கையில் சிறிது நேரம் கையுறை மாட்டி, பலவீனமான கையையே விளையாட வைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. போட்டியில் தோற்கும் இணைப்புக்கு வேலை கொடுப்பதுதான் அதன் நோக்கம். வீட்டில் நீங்களாகக் கட்டிவிடாதீர்கள், பயிற்சியாளரிடம் கற்றுக்கொண்டு செய்யுங்கள்.

ஓகேயூ அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று பல வீடுகளில் தயங்குகிறார்கள். சமூகநல இலாகாவில் பதிந்துகொண்டால் உதவிகளுக்கு விண்ணப்பிப்பது எளிதாகும். வட்டாரத்தில் உள்ள சமூக மறுவாழ்வு மையம் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். படிவத்தில் மருத்துவர் கையெழுத்திட வேண்டிய பகுதி ஒன்று இருக்கும். அடுத்த முறை பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும்போது அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.